சுவரின் மேல் ஒரு பிடி அரிசி

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் மார்பளவு உயரமுள்ள மதிற்சுவர் ஒன்று இருக்கிறது. அதன் மேல் நாள்தோறும் காலையில் ஒரு பிடி அரிசியும், மண்சட்டியில் சிறிது தண்ணீரும் வைப்பது என் தாயார் காலத்திலிருந்து வரும் வழக்கம். முதலில் காகங்கள் வரும். அவை அகன்றதும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் வந்து இறங்கும். மைனாக்கள் இரண்டு, தமக்குப் பட்டா எழுதிக் கொடுத்த இடம் போல் நடைபோடும். வேப்பமரத்திலிருந்து தலைகீழாக இறங்கி வரும் அணில்கள் முன்கால் இரண்டாலும் அரிசியை எடுத்துக் கொறிக்கும் அழகைக் கண்ட பின்புதான் எனக்கு அன்றைய பொழுது விடியும்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்தச் சுவரின் மேல் ஓர் உயிர் போயிற்று. சுவரைப் போர்த்திக் கிடந்த சங்குப்பூக் கொடிக்குள் பதுங்கியிருந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று, ஒரே பாய்ச்சலில் இளம் அணில் ஒன்றைக் கவ்விக்கொண்டு அப்பால் குதித்தது. நான் கையில் காப்பித் தம்ளருடன் பத்தடித் தொலைவில் நின்றிருந்தேன். மரத்தின் மேலிருந்த மற்றோர் அணில் வாலை வெட்டி வெட்டி நெடுநேரம் கத்திக்கொண்டே இருந்தது. காகங்களும் சேர்ந்து கூச்சலிட்டன. பின்னர் எல்லாம் அடங்கிற்று. அரிசி மட்டும் சுவரின் மேல் அப்படியே கிடந்தது.

பூனை யாருடையது என்பதில் ஐயம் இல்லை. பக்கத்து வீட்டில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர் நான்கு பூனைகளுக்குப் பாலும் மீன் தலையும் இட்டு வளர்த்து வருகிறார். நான் அவர் வாசலுக்கே சென்றேன். "அம்மா, உங்கள் பூனையைக் கோணிப்பையில் கட்டி எங்காவது தொலைவில் கொண்டுபோய் விடச் சொல்லப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சினக்கவில்லை. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் பால் வைக்கிற இடத்துக்குப் பூனை வருகிறது. நீங்கள் அரிசி போடுகிற இடத்துக்கு அணில் வருகிறது. நடுவில் இருப்பது ஒரு சுவர். அந்த அணிலை அந்தச் சுவருக்குக் கூப்பிட்டது யார், சொல்லுங்கள்" என்றார்.

விடை சொல்லாமல் திரும்பினேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. வாசகரோடு அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

நம் நகரத்தில் உயிர்களுக்கு உணவிடுவது புதிதன்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் காகத்துக்கு ஒரு கவளம் வைக்காமல் இலையில் அமராத வீடுகள் இன்றும் உண்டு. தைப்பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளை வைத்துக் காகங்களை அழைக்கும் கணுப்பிடி அறியாதார் இல்லை. இராயப்பேட்டையில், ஒளிப்படக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்துவந்த சேகர் என்பவர், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தம் மாடிக்கு வரத் தொடங்கிய பச்சைக்கிளிகளுக்குப் பல்லாண்டுகள் அரிசி இட்டு வந்தார். வந்த கிளிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. மாடியில் பலகைகள் அமைத்து வரிசையாக உணவு பரப்பிய அக்காட்சி உலகின் பல பகுதிகளிலிருந்தும் பார்வையாளரை ஈர்த்தது. அன்பின் விளைவு என்றே அதைப் போற்றுவோம்; போற்றத் தக்கதுதான். ஆனால் அதனுள் மற்றோர் உண்மையும் பொதிந்து கிடக்கிறது. ஆயிரம் வாய்கள் ஓரிடத்தை நம்பிப் பழகிய பின், அங்கே உணவிடுபவர் ஒரு நாள் வெளியூர் செல்வதும் எளிதன்று. இட்ட கை கட்டுண்ட கை ஆகிவிடுகிறது. உணவிடுதல் ஒரு செயலாகத் தொடங்கி ஓர் உறவாக முடிகிறது. உறவு என்றால் பொறுப்பு உண்டு.

அந்தப் பொறுப்பு எதுவரை செல்லும்? வரும் உயிரின் பசி தீர்வதோடு நின்றுவிடுமா? அன்றி, அது வந்து நிற்கும் இடத்தில் அதற்கு நேர்வதும் நம்மைச் சேருமா?

"இயற்கை அப்படித்தான்" என்று பலரும் ஆறுதல் கூறினர். பூனை கொல்லும், அணில் சாகும். இதில் பாவமேது, புண்ணியமேது? பூனையைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. நன்மை தீமை அறிந்து தெரிவு செய்யும் ஆற்றல் இல்லாத உயிரிடம் குற்றம் காண முடியாது. கதையில் அணில் மட்டுமே தூயது என்றும் எண்ணிவிடலாகாது. வாய்ப்புக் கிடைத்தால் அணில் குருவிக் கூட்டில் முட்டையைத் திருடும். காகம் அணிலின் பச்சிளங் குட்டியைத் தூக்கிச் செல்லும். குயிலோ காகத்தின் கூட்டில் தன் முட்டையை இட்டு அதை ஏமாற்றும். நம் கண்ணுக்கு இனியது நல்லது, இனிமையற்றது கொடியது என்று பிரிப்பது நம் சுவையேயன்றி அறமன்று. முதுகில் மூன்று கோடுகளோடு இராமர் பாலத்துக்கு மணல் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். அதனால் அணிலைப் 'பிள்ளை' என்று சேர்த்தே அழைக்கிறோம். பூனை குறுக்கே போனால் பயணத்தை நிறுத்துகிறோம். அன்று என் சினத்தில் பாதி இந்தப் பழக்கத்தின் சினம் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

ஆனால் என் கொல்லைப்புறம் இயற்கைதானா? அங்கேதான் ஆறுதல் நொறுங்குகிறது.

காட்டில் இரை சிதறிக் கிடக்கும். ஓர் அணில் இன்று இங்கே பழம் தேடும். நாளை வேறெங்கோ விதை தேடும். அதன் வரவைக் கொல்விலங்கு முன்கூட்டி அறிய இயலாது. என் சுவரின் மேலோ ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே கைப்பிடி அரிசி. பூனைக்கு இதைவிடத் தெளிவான அழைப்பிதழ் வேண்டுமா? மேலும், காட்டில் இரை குறைந்தால் கொல்விலங்கும் குறையும். பசி அதன் எண்ணிக்கைக்கு எல்லை கட்டும். மனிதர் பாலிட்டு வளர்க்கும் பூனைக்கு அந்த எல்லை இல்லை. தெருவில் கடைசிக் குருவி மறைந்தாலும் அது மெலியாது. மறுநாளும் வேட்டைக்கு வரும். ஆகவே ஒருபுறம் நாம் இரையைக் குவிக்கிறோம். மறுபுறம் வேட்டையாடும் உயிரைப் பேணுகிறோம். இரண்டும் சந்திக்கும்போது "இயற்கை" என்று பெயரிட்டுக் கைகழுவுகிறோம்.

மனிதரும் பூனையும் சேர்ந்த வரலாறே இப்படித்தான் தொடங்கிற்று என்று அறிஞர் கூறுகின்றனர். ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மக்கள் உழுது விளைத்த தானியத்தைச் சேமிக்கத் தொடங்கினர். தானியத்தை நாடி எலிகள் வந்தன, எலிகளை நாடிக் காட்டுப்பூனைகள் வந்தன, வந்தவை தங்கிவிட்டன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதரின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் 2004-இல் வெளியிட்டனர். தானியம் குவிந்த இடத்துக்குச் சிற்றுயிர் வரும். சிற்றுயிர் வந்த இடத்துக்குப் பூனை வரும். பக்கத்து வீட்டு அம்மா கேட்டது பத்தாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கேள்வி.

இதன் விளைவுகள் சிறியவை அல்ல. நியூசிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. அங்கே குடியேறிய மனிதரோடு பூனைகளும் சென்றன. அத்தீவில் மட்டுமே எஞ்சியிருந்த, பறக்க இயலாத சின்னஞ்சிறு குருவியினம் ஒன்று சில ஆண்டுகளில் உலகிலிருந்தே மறைந்தது. அமெரிக்க நாட்டில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டொன்றுக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பூனை இல்லாத இடத்திலும் உணவு மேடை தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. பிரித்தானியத் தோட்டங்களில் 2005 முதல் பரவிய ஒட்டுண்ணி நோயால் பச்சைக்குருவி இனம் பெரிதும் குறைந்தது. நோயுற்றதும் நலமுற்றதும் ஒரே தட்டில் உண்டதே அந்நோய் பரவ ஒரு வழியாயிற்று. மும்பையில் 2025-ஆம் ஆண்டு புறாக்களுக்குத் தானியம் இடும் பொது இடங்கள் மூடப்பட்டபோது, எச்சத்தால் மக்களுக்கு நோய் வருமென ஒரு சாராரும், பசித்த உயிருக்கு உணவிடும் அறத்தைத் தடுக்கலாகாதென மற்றொரு சாராரும் தெருவில் நின்று வாதிட்டதைக் கண்டோம். கருணை தவறென்று இவை காட்டவில்லை. கருணைக்கும் பக்க விளைவு உண்டு என்றே காட்டுகின்றன.

*

அப்படியானால் என் செய்வது? மூன்று வழிகள் எனக்குத் தோன்றின.

முதல் வழி, நான் சினத்தில் சொன்னது: பூனையை அப்புறப்படுத்துவது. கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் விடப்படும் பூனை என்னாகும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அறியாத தெருவில், அங்குள்ள நாய்களுக்கிடையே, அது பசியால் சாகும். நம் கண்ணுக்கு அப்பால் நடக்கும் சாவு நம் கணக்கில் சேராது என்பது நம் நம்பிக்கை. சட்டமே அதை ஏற்பதில்லை. 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. விலங்கு ஒன்று பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி, தகுந்த காரணமின்றிக் கைவிடுவதையும் அச்சட்டம் கொடுமை என்றே எண்ணுகிறது. அடையாற்றில் வாழ்ந்த ஒருவரின் பரிவால் பிறந்த சட்டத்தை, அடையாற்றுக்கு இப்பால் மந்தைவெளியில் இருந்துகொண்டு நான் மீற நினைத்தேன்.

இரண்டாம் வழி, உணவிடுவதையே நிறுத்துவது. இது முதலில் மிகத் தூய்மையான வழியாகத் தோன்றிற்று. சில நாள் கடைப்பிடித்தும் பார்த்தேன். அணில் வரவில்லை, பூனையும் பதுங்கவில்லை. ஆனால் என் மனம் அமைதி அடையவில்லை. கெடுதல் நேருமோ என்று அஞ்சி நன்மையையும் செய்யாதிருப்பது, தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியனின் நேர்மை போன்றது. சித்திரை வெயிலில் நகரத்தின் குளங்களெல்லாம் வீடுகளாகிவிட்ட நிலையில், தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு "நான் எவரையும் கொல்லவில்லை" என்று சொல்வது அறமாகுமா? தோட்டத்தோடு கூடிய வீடுகளை இடித்து அடுக்குமாடிகளாக்கியவர் நாம். மரத்தை எடுத்துக்கொண்டவர் ஒரு பிடி அரிசியையாவது திருப்பித் தரக் கடமைப்பட்டவர்.

மூன்றாம் வழி, எதையும் மாற்றாமல் நடப்பது நடக்கட்டும் என்றிருப்பது. அது இயற்கையின் வழி அன்று என்பதை மேலே கண்டோம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மூன்றிலும் நான் ஒரு பக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன்: முதலில் பூனையை, அடுத்து அணிலை, இறுதியில் என்னையே. எவரையும் நீக்காமல் கணக்குப் போட முடியாதா?

நம் பழங்கதை ஒன்று அப்படிக் கணக்குப் போடுகிறது. பருந்துக்கு அஞ்சிய புறா ஒன்று சிபி மன்னனின் மடியில் வந்து விழுந்தது. புறாவைக் காப்பாற்றியதோடு கதை முடிந்திருந்தால் அது குழந்தைகளுக்கான கதையாகவே நின்றிருக்கும். ஆனால் பருந்து வழக்குரைக்கிறது: என் இரையை நீ பறித்தால் நானும் என் குஞ்சுகளும் சாவோம், எங்கள் உயிர் உயிர் அன்றோ? மன்னன் அவ்வழக்கைத் தள்ளவில்லை. துலாக்கோலின் ஒரு தட்டில் புறாவை வைத்து மறுதட்டில் தன் தசையை அரிந்து வைத்தான்; இறுதியில் தானே ஏறி நின்றான். இரண்டு உயிர்களுக்கிடையே குறுக்கிட்டவன், அந்தக் குறுக்கீட்டின் விலையைப் புறாவிடமும் பருந்திடமும் கேட்கவில்லை, தானே கொடுத்தான்.

கடல் கடந்து இத்தாலியிலும் இதற்கு ஒப்பான ஒரு கதை வழங்குகிறது. குபியோ என்னும் ஊரை அச்சுறுத்திய ஓநாயிடம் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் சென்றாராம். அது செய்த கேட்டை அவர் மறைக்கவில்லை. அது பசியால் செய்தது என்பதையும் மறைக்கவில்லை. ஓநாய் இனி எவரையும் தீண்டாது, ஊரார் அதற்கு நாள்தோறும் உணவிட வேண்டும் என்று இருதரப்புக்கும் உடன்படிக்கை செய்துவைத்தாராம். ஓநாய் சாகும்வரை வீடு வீடாகச் சென்று உண்டது என்கிறது கதை. இங்கும் அமைதிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

இக்கதைகளை அப்படியே என் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவர இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பருந்தும் ஓநாயும் பசித்தவை. பக்கத்து வீட்டுப் பூனையோ காலையில் பால் குடித்துவிட்டு வந்துதான் அணிலைப் பிடித்தது. வேட்டை பூனைக்கு வயிற்றின் தேவை மட்டுமன்று. அதன் உடலோடு பிறந்த ஊக்கம். எனவே உணவு கொடுத்தால் போதும் என்ற உடன்படிக்கையை அது முழுமையாகக் காக்காது. ஆயினும் சிறிதளவு காக்கும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தானியக் கலப்பின்றி இறைச்சி மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகளிடம் 25 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் குறிப்பிடத் தக்க பயன் ஏதும் தெரியவில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம். மணி கட்டுவதைவிட அதனோடு சற்று நேரம் விளையாடுவது நல்லது என்பது விடையாக வந்திருக்கிறது! கட்டளையினும் கவனிப்பு மேல் என்று அதைப் படித்துக்கொள்ளலாம்.

*

ஒரு வாரம் கழித்து மீண்டும் அந்த அம்மாவின் வாசலுக்குச் சென்றேன். இம்முறை கோணிப்பையைப் பற்றிப் பேசவில்லை. "அம்மா, நீங்கள் கேட்டதற்கு விடை கொண்டுவந்திருக்கிறேன். கூப்பிட்டது நான்தான்" என்றேன். அவர் சிரித்து, "பிடித்தது என் பிள்ளைதானே தம்பி, எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை" என்றார். அவருக்கும் துயரம் இருந்திருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

இருவரும் பேசிச் சிலவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் விடிகாலையிலும் மாலை மங்கும் வேளையிலும் பூனைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். அவற்றுக்குக் கருத்தடை அறுவை செய்விக்கும் செலவில் பாதி என்னுடையது. நான் சுவரின் சங்குப்பூக் கொடியை வெட்டிவிட்டேன். அழகு போயிற்று, பதுங்குமிடமும் போயிற்று. அரிசித் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் புதர் எதுவும் அருகில்லாத வெளியில், உயர்ந்த கம்பத்தின் மேல் வைத்தேன். கம்பத்தில் பூனை ஏறாதபடி வழவழப்பான தகரம் சுற்றியாயிற்று. அணில் மட்டும் வேப்பங்கிளையிலிருந்து தாவி வரும்படி கிளையை வெட்டாமல் விட்டேன். வெயில் ஏறிய பின்பே அரிசி. அதுவும் முற்பகலுக்குள் தீரும் அளவே. சட்டியை நாள்தோறும் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வைக்கிறேன்; தேங்கிய நீரில் கொசு வளர்ந்தால் அதன் விலையைத் தெருப்பிள்ளைகள் கொடுக்க நேரிடும்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு நாள் வேலி ஓரத்தில் தவிட்டுக்குருவியின் இறகுகள் சிதறிக் கிடந்தன. எந்தப் பூனை, எப்போது என்று தெரியாது. அந்த அம்மாவின் பூனைகள் அன்று இரவு முழுதும் உள்ளேயே இருந்தன என்று அவர் சொன்னார், நான் நம்புகிறேன். தெருவில் வேறு பூனைகளும் உண்டு. நம் கவனம் எட்டும் தொலைவுக்கு அப்பாலும் உலகம் இருக்கிறது. தீங்கே நேராமல் நன்மை செய்யும் வழி மனிதருக்கு அளிக்கப்படவில்லை போலும். அளிக்கப்பட்டிருப்பது, நேர்ந்த தீங்கில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்டு, அந்த அளவையேனும் குறைக்கும் வழி.

ஈகை பற்றிப் பேசும்போதெல்லாம் கொடுக்கும் மனத்தைப் பற்றியே பேசுகிறோம். கொடுக்கும் இடத்தையும் நேரத்தையும், கொடுத்த பின் நடப்பதையும் பற்றிப் பேசுவது குறைவு. வாசலில் உணவுப் பொட்டலம் வழங்கி நெரிசலில் மக்களை வீழ்த்தும் கொடையும், ஏழை மாணவனுக்கு உதவிவிட்டு அதை ஊரறியச் சொல்லி அவனை நாணவைக்கும் கொடையும், என் சுவரின் மேல் கிடந்த அரிசியும் ஓரினம் அன்றோ? கொடுத்தவர் எவரும் கெட்டவர் அல்லர். கொடுத்த கையைத் தொடர்ந்து கண் செல்லவில்லை என்பதே குறை.

இப்போதும் காலையில் அரிசியோடு கொல்லைப்புறம் செல்கிறேன். தட்டில் இடுமுன் சற்றே நின்று, வேலியோரத்தையும் சுவரின் மேலும் மரத்தடியிலும் ஒருமுறை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுச் சன்னலில் சாம்பல் நிறப் பூனை அமர்ந்து, கண்ணிமைக்காமல் என்னையே நோக்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் அந்த அம்மாவின் கை, நுனியில் துணி கட்டிய ஒரு கயிற்றை ஆட்டிக்கொண்டிருக்கும். வேப்பங்கிளையில் அணில் ஒருமுறை குரல் கொடுக்கும். பிறகுதான் அரிசியை இடுகிறேன்.